புரோட்டீன் டானிக் அடித்தும் நெல் கருகுகிறதே, ஏன்?

நேற்று வந்தவரோடு, இதே கேள்வியோடு என்னிடம் வந்த விவசாயிகள் இந்த மாதம் ஆறு பேர். ஒரு கையில் கருகிய நெல் தாள், இன்னொரு கையில் காலி டானிக் பாட்டில். "சார், புரோட்டீன் டானிக் ரெண்டு தடவை அடிச்சேன், யூரியா ஒரு மூட்டை கூடவே போட்டேன், பயிர் கருகருன்னு தெம்பாத்தான் நின்னுச்சு, ஒரு காத்து மழைக்கு அப்புறம் இப்படி ஆயிடுச்சு."

இலையில் பச்சையும் கருகலும் சேரும் இடத்தை வெட்டி, டம்ளர் தண்ணீரில் முக்கினேன். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால் போலக் கலங்கல் இறங்கியது. பாக்டீரியா இலைக்கருகல். (இதற்கு என்னிடம் வரவே வேண்டாம், வீட்டு டம்ளர் போதும்.)

"அண்ணே, அந்தத் தெம்புதான் வினை" என்றேன். அவர் நம்பவில்லை.

நன்றாகச் சாப்பிட்ட உடம்பை நோய் அண்டாது என்று நமக்குச் சொல்வதை அப்படியே பயிருக்கும் சொல்லிவிடுகிறோம். பயிர் புரதத்தைச் சாப்பிடுவதில்லை, தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது. எந்தப் புரதத்தைச் செய்ய முடியும் என்பது விதையிலேயே முடிவாகிவிட்ட விஷயம். எக்ஸ்ஏ21 என்ற மரபணு உள்ள நெல்லில் செல்லின் மேல் ஒரு புரதம் காவலுக்கு நிற்கிறது, இந்த பாக்டீரியா வெளியிடும் ராக்ஸ்எக்ஸ் என்ற சின்னப் புரதத் துண்டு அதில் வந்து பொருந்தினால்தான் உள்ளே எச்சரிக்கை போகும். அந்த மரபணு இல்லாத ரகத்தில் நீங்கள் எத்தனை பாட்டில் டானிக் ஊற்றினாலும் அந்தக் காவல்காரன் முளைக்கப் போவதில்லை. பாக்டீரியாவும் லேசுப்பட்டதில்லை. தன் புரதங்களைச் செல்லுக்குள் செலுத்தி, நெல்லின் சொந்தப் புரதம் ஒன்றையே பிடியாகப் பிடித்துக்கொண்டு சர்க்கரைக் கதவைத் திறக்க வைத்துத் தின்கிறது. எக்ஸ்ஏ5 என்ற மரபணு உள்ள ரகத்தில் அந்த நெல் புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறியிருக்கிறது, பிடி வழுக்குகிறது. எக்ஸ்ஏ13 உள்ள ரகத்தில் சர்க்கரைக் கதவுக்கான மரபணுவின் வாசலே மாறியிருப்பதால், வந்த பாக்டீரியாப் புரதத்துக்கு உட்கார இடமில்லை. இதில் யூரியாவுக்கு என்ன வேலை? தழைச்சத்து கூடினால் இலை மெத்தென்று ஆகும், தூர் நெருங்கி ஈரம் காயாது, கிருமிக்கு விருந்து. அவ்வளவுதான்.

இன்னொரு பக்கம், எதிர்ப்பு ரகம் என்றால் எதுவுமே வராது என்று நினைப்பவர்கள். ஐதராபாத்தில் உருவாக்கி 2008-இல் வெளியிட்ட இம்ப்ரூவ்டு சாம்பா மசூரி என்ற நெல் ரகத்தில் நான் மேலே சொன்ன மூன்று மரபணுக்களும் இருக்கின்றன, ஆனால் அவை இலைக்கருகலுக்கு மட்டும். நெல்லுக்கு வரும் இன்னொரு நோயான குலைநோய் பூஞ்சையால் வருவது, அதை அடையாளம் காணும் புரதங்களே வேறு. போன வருஷம் ஒருவர் அந்த ரகத்தில் குலைநோய் வந்துவிட்டது, விதையே மோசடி என்று சண்டைக்கு வந்தார். விதை வாங்கும்போது "எந்த நோய்க்கு எதிர்ப்பு?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சரி, என்ன செய்வது? பழைய பிபிடி (அதாவது சாதா சாம்பா மசூரி) நட்டால் இலைக்கருகலுக்கு வாய்ப்பு அதிகம் என்று தெரிந்தே நடுங்கள். நாற்றின் நுனியைக் கிள்ளி நடாதீர்கள், அந்தக் காயம் கிருமிக்குத் திறந்த வாசல். விதைக்குக் கிலோவுக்கு 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கலந்துகொள்ளுங்கள். யூரியாவைப் பிரித்துப் பிரித்துப் போடுங்கள், சாம்பல் சத்தை (பொட்டாஷ்) மறக்காதீர்கள். நோய் கண்ட வயல் தண்ணீரைப் பக்கத்து வயலுக்குத் திறந்துவிடாதீர்கள், தயவுசெய்து. நோய் வந்துவிட்டால் மேலுரத்தை நிறுத்தி, தண்ணீரை வடித்து, 20 சதவீதப் பசுஞ்சாணக் கரைசலைத் தெளியுங்கள். மனிதருக்குத் தருகிற ஆன்டிபயாடிக்கை வாங்கி வயலில் கொட்டாதீர்கள். கிருமிகளுக்கு அது பழகிப்போனால் நாளைக்கு ஆஸ்பத்திரியில் நமக்கே கேட்காது.

அப்புறம், என்னிடம் வருவதாக இருந்தால் பாதி பச்சையாக இருக்கும் இலையையும் எடுத்து வாருங்கள். வெறும் சருகைக் கொண்டு வந்தால் நானும் ஜோசியம்தான் சொல்ல வேண்டியிருக்கும்.