வெட்டுப்பட்ட காய் கட்சி மாறும்போது

ஜப்பானியச் செஸ் எனப்படும் ஷோகி ஆட்டத்தை முதன்முதலாகப் பார்க்கிறவருக்கு ஒரு குழப்பம் வரும். எது யாருடைய காய்? கறுப்பு, வெள்ளை என்ற பிரிவே அங்கே இல்லை. நாற்பது காய்களும் ஒரே நிற மரத்தில் செதுக்கிய ஐங்கோணத் துண்டுகள். மேலே ஜப்பானிய எழுத்து, ஒரு பக்கம் கூர்முனை. அந்த முனை எதிராளியைப் பார்த்து இருந்தால் அது நம் காய். நம்மைப் பார்த்து இருந்தால் அவருடையது.

சர்வதேச ஷோகி மன்றம் என்ற பெயரில் நடக்கும் உலகப் போட்டிக்குப் பல நாடுகளிலிருந்து அமெச்சூர் ஆட்டக்காரர்கள் வருகிறார்கள். 2011-ல் அது பாரிஸில் நடந்தது, 2017-ல் ஜப்பானின் கிட்டாக்யூஷூவில். ஜப்பானிய மொழி தெரியாதவரும் ஷோகி ஆடலாம். காயின் மேலுள்ள எழுத்தை ஒரு படம்போல நினைவில் வைத்துக்கொண்டால் போதும். ஆனால் காய்களுக்கு ஏன் தனித்தனி நிறம் இல்லை என்பதற்கான காரணத்தைப் பிடித்துக்கொண்டால்தான் இந்த ஆட்டம் புரியும்.

காரணம் ஒரே ஒரு விதி. ஷோகியில் வெட்டுப்பட்ட காய் சாவதில்லை, கட்சி மாறுகிறது. எதிராளியின் காயை வெட்டினால் அதை எடுத்துப் பக்கத்திலுள்ள சிறிய மரமேடையில் வைத்துக்கொள்வார்கள். பிறகு தன் முறை வரும்போது, பலகையிலிருக்கும் காயை நகர்த்துவதற்குப் பதிலாக அதை ஏதாவது காலிக் கட்டத்தில் தன் காயாக இறக்கலாம். நிறம் பூசியிருந்தால் இது நடக்குமா? முனையைத் திருப்பி வைத்தால் வேலை முடிந்தது.

கட்டுப்பாடுகள் சில உண்டு. நம் சிப்பாய் ஏற்கெனவே நிற்கும் நெடுவரிசையில் இன்னொரு சிப்பாயை இறக்கக் கூடாது. கையிலுள்ள சிப்பாயை இறக்கி அந்த நகர்த்தலிலேயே செக்மேட் செய்யக் கூடாது. மற்றபடி பெரும்பாலும் சுதந்திரம்தான்.

இந்தச் சுதந்திரம் கணக்கை எப்படி வீங்க வைக்கிறது என்று பாருங்கள். ஷோகிப் பலகையில் 81 கட்டங்கள். ஆட்டத்தின் நடுவே 50 கட்டங்கள் காலி என்று வைத்துக்கொள்வோம். சிப்பாய் அல்லாத ஒரு காய் கையில் இருந்தால் அதற்கு மட்டுமே ஏறக்குறைய 50 வழிகள். மூன்று வகைக் காய்கள் இருந்தால் 150. பலகையில் நிற்கும் காய்களின் நகர்த்தல்கள் இதற்கு மேல். ஒரே நிலையில் 593 நகர்த்தல்கள் சாத்தியமாகும்படி ஷோகிக் காய்களை அடுக்கிக் காட்டியிருக்கிறார்கள்.

சராசரியாகச் செஸ்ஸில் ஒரு நிலைக்குச் சுமார் 35 நகர்த்தல்கள், ஷோகியில் சுமார் 80. இரண்டு மடங்கு சொச்சம்தானே என்று தோன்றும். ஆனால் நான்கு நகர்த்தல் முன்னால் யோசித்தால் செஸ்ஸில் 15 லட்சம் வழிகள், ஷோகியில் 4 கோடிக்கும் மேல். ஒவ்வொரு அடிக்கும் இடைவெளி பெருகிக்கொண்டே போகும்.

இன்னொன்று. செஸ்ஸில் காய்கள் வெட்டுப்பட வெட்டுப்படப் பலகை காலியாகும், கடைசியில் கணக்கு எளிதாகும். ஏழு காய்கள் வரை மிஞ்சிய நிலைகளுக்குச் செஸ்ஸில் முழு விடைப் பட்டியலே கணினியில் இருக்கிறது. ஷோகியில் நாற்பது காய்களும் கடைசிவரை ஆட்டத்தில் இருப்பதால் அப்படி ஒரு குறுக்குவழி கிடையாது. முடிவு நெருங்க நெருங்கக் கைகளில் காய்கள் சேர்ந்து, சிக்கல் கூடத்தான் செய்யும். டிரா மிக அரிது என்பதற்கும் இதுவே காரணம்: தாக்குவதற்குக் காய் இல்லாமல் போவதே இல்லை.

சரி, இதைக் கணினி எப்படிச் சமாளித்தது? 1997-ல் செஸ் உலக சாம்பியன் காஸ்பரோவ் கணினியிடம் தோற்றார். ஷோகியின் மிகப் பெரிய பட்டங்களில் ஒன்றான மேஜின் பட்டத்தை வைத்திருந்த அமஹிக்கோ சாட்டோ கணினியிடம் தோற்றது 2017-ல். இருபது ஆண்டு இடைவெளி.

அந்த இடைவெளியில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் 2006-ல் வந்தது. குனிஹிட்டோ ஹோக்கி ஒரு வேதியியலாளர், ஷோகியில் வலுவான ஆட்டக்காரர் அல்ல. அந்த ஆண்டின் உலகக் கணினி ஷோகிப் போட்டியில் அவர் எழுதிய பொனான்சா என்ற நிரல் வென்றது. அதுவரை 'இந்தக் காய்க்கு இத்தனை மதிப்பெண், ராஜாவுக்குக் காவல் இருந்தால் இத்தனை' என்று மனிதர்கள் கையால் எழுதிக் கொடுப்பதே பெரும்பாலும் வழக்கம். ஹோக்கி, தொழில்முறை ஆட்டக்காரர்களின் ஆயிரக்கணக்கான ஆட்டங்களைக் கொடுத்து, அவர்கள் தேர்ந்த நகர்த்தலையே நிரலும் தேரும்வரை அந்த மதிப்பெண்களைத் தானாகவே திருத்திக்கொள்ள வைத்தார்.

அடுத்த பெரிய அடி 2018-ல். செயற்கை நரம்பு வலை, அதாவது உதாரணங்களைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணக்கு அமைப்பு, ஒரு நிலையை நன்றாக மதிப்பிடும், ஆனால் மெதுவானது; நொடிக்கு லட்சக்கணக்கான நிலைகளைப் பார்க்கும் நிரலுக்கு அது கட்டுப்படியாகாது. யூ நாசு என்ற ஷோகி நிரலாளர் இதற்கு வழி கண்டார். அவருடைய வலையின் உள்ளீடு, ராஜா இருக்கும் இடமும் மற்றொரு காய் இருக்கும் இடமும் சேர்ந்த ஜோடிகள். அப்படி 1,25,388 ஜோடிகள் சாத்தியம். ஆனால் ஒரு ராஜாவின் கணக்கில் ஒரு சமயத்தில் உயிரோடு இருப்பவை 38 மட்டுமே, ஏனென்றால் ராஜாக்கள் போக மிச்சம் 38 காய்கள். கையில் இருக்கும் காயும் இதில் சேர்த்தி. எதுவும் சாகாத ஆட்டம் என்பதால் இந்த 38 மாறுவதே இல்லை.

ஒரு காய் நகர்ந்தால் என்ன ஆகும்? ஒரு ஜோடி அணையும், இன்னொன்று எரியும். மளிகைக் கடையில் பில் போட்ட பிறகு ஒரு சோப்பை மாற்றிக்கொண்டால் கடைக்காரர் முழுப் பில்லையும் திரும்பக் கூட்ட மாட்டார். பழைய விலையைக் கழித்துப் புதியதைக் கூட்டுவார். நாசுவின் வலையும் முதல் அடுக்கில் அதையேதான் செய்கிறது. ராஜாவே நகர்ந்தால் மட்டும் அந்தப் பக்கத்துக் கணக்கைப் புதிதாகப் போட வேண்டும். இதனால் விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு இல்லாமல் சாதாரணக் கணினியிலேயே அந்த வலை வேகமாக ஓடியது.

அப்புறம் அது ஷோகியை விட்டு வெளியே வந்தது. ஹிசயோரி நோடா என்ற இன்னொரு ஷோகி நிரலாளர் அதை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலில் பொருத்திக் காட்டினார். 2020 செப்டம்பரில் வெளியான ஸ்டாக்ஃபிஷ் 12-ல் அது அதிகாரபூர்வமாகச் சேர்ந்தது; ஏற்கெனவே வலுவாக இருந்த நிரல் ஒரே தாவலில் இன்னும் மேலே போனது. இன்று சென்னையில் செஸ் கற்கும் ஒரு பிள்ளை போனில் ஸ்டாக்ஃபிஷைத் திறந்து தன் ஆட்டத்தைச் சோதிக்கும்போது உள்ளே ஓடுவது, வெட்டுப்பட்ட காயைத் திருப்பி இறக்கும் ஆட்டத்துக்காக ஜப்பானில் கண்டுபிடித்த அந்தக் கூட்டல் கழித்தல்தான்.