என்சே: படையெடுப்பா, படிப்பா?

நண்பர் ஒருவர் ஜப்பானிய மல்லர் கெய்ஜி முத்தோவைப் பற்றித் தமிழில் ஒரு குறிப்பு எழுதி, பார்த்துச் சொல்லும்படி அனுப்பியிருந்தார். மூன்றாம் வரியிலேயே இடறிவிட்டேன். “1988இல் முத்தோ மறுபடியும் எக்ஸ்கர்ஷன் போனார்.” நம் ஊரில் எக்ஸ்கர்ஷன் என்றால் விடியற்காலையில் பள்ளி வாசலில் நிற்கும் பேருந்து, புளிசோற்றுப் பொட்டலம், திரும்பும் வழியில் யாராவது ஒரு பிள்ளையின் வாந்தி. முத்தோ போனது போர்ட்டோ ரிக்கோவுக்கு. அங்கே கூட்டத்தின் வசவைக் கேட்டுக்கொண்டே தொழில் பழக.

தப்பு நண்பருடையது அல்ல. ஆங்கிலம் பேசும் ரசிகர்கள் வைத்த பெயரை அப்படியே எடுத்துவிட்டார். ஜப்பானில் இதற்குச் சொல் ‘கைகாய் என்சே’. கைகாய் என்றால் கடலுக்கு அப்பால். என்சே இரண்டு எழுத்துகளால் ஆனது: ‘என்’ தொலைவு; ‘சே’ படைகொண்டு போய் அடக்குவது. ஜப்பானை ஆண்ட ஷோகுன்களின் முழுப் பட்டம் ‘சே இ தாய் ஷோகுன்’, அதாவது அயலாரை அடக்கும் பெருந்தளபதி. அந்தச் ‘சே’யும் இதுவும் ஒரே எழுத்து. இன்று வெளியூர் ஆட்டத்துக்குப் போகும் பேஸ்பால் அணியும் இமயமலை ஏறப் போகும் குழுவும் செய்வது என்சேதான். போர்ச்சொல் விளையாட்டுக்கு இறங்குவது எல்லா மொழியிலும் நடப்பது. நாமும் ‘களம் கண்டார்’, ‘வாகை சூடினார்’ என்று கூசாமல் எழுதுகிறோம்.

முடிவை முன்பே பேசிவைத்து, வேடம் கட்டி ஆடும் தொழில்முறை மற்போரில் இச்சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்று உண்டு. பயிற்சிக்கூடத்தில் சேரும் இளைஞர், கறுப்புக் கால்சட்டையும் கறுப்புக் காலணியுமாக, மூத்தவர்களின் துணி துவைத்து, கூட்டுச் சமையல் செய்து, தினமும் தோற்று வளர்வார். ஓரளவு தேறியதும் நிறுவனம் அவரை அமெரிக்காவுக்கோ மெக்சிகோவுக்கோ இங்கிலாந்துக்கோ அனுப்பிவிடும். ஓரிரு ஆண்டு கழித்துப் புதிய உடல், புதிய உடை, புதிய பிடிகளோடு அவர் திரும்புவார். அந்தத் திரும்புதலுக்கும் பெயர் உண்டு: கைசென். வெற்றிப் பாட்டோடு மீள்வது என்பது அதன் பொருள்.

போவது படையெடுப்பு, வருவது வெற்றிவலம். சொல் அப்படித்தான் சொல்கிறது, நடப்பது வேறு.

முன்னோடி ரிக்கிதோசான். கொரியாவில் பிறந்து, சுமோவை விட்டு வெளியேறியவர். 1952இல் ஹவாய்க்குப் போய் இத்தொழிலைக் கற்று, அமெரிக்க நிலப்பகுதியிலும் ஆடிவிட்டு, 1953இல் திரும்பி நிறுவனம் தொடங்கினார். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து வந்த வெள்ளையர்களை அவர் கராத்தே வெட்டால் சாய்ப்பதைத் தெருமுனைத் தொலைக்காட்சிப் பெட்டிகளின் முன் கூடி ஜப்பான் பார்த்தது. ஜெயித்தது தாய்மண்ணில், கடல் கடந்து போனது அந்தச் சண்டையைக் கற்க.

அவருடைய சீடர் ஜயன்ட் பாபா ஏழடிக்குச் சற்றே குறைந்த முன்னாள் பேஸ்பால் வீரர். 1961இல் அமெரிக்கா போனார். பிரெட் அட்கின்ஸ் என்ற கடுமையான வஸ்தாதுவிடம் வதைபட்டுத் தேர்ந்து, 1964இல் லூ தெஸ், புரூனோ சமர்த்தினோ, பிரெட் பிளாசி என்று மூன்று பெரிய பட்டக்காரர்களையும் எதிர்க்கும் அளவுக்கு வளர்ந்தார். ஆனால் அந்தக் காலத்தில் அமெரிக்கக் கோதாவில் ஜப்பானியனுக்கு ஒதுக்கப்பட்ட வேடம் ஒன்றுதான்: கும்பிட்டுவிட்டுப் பின்னால் வந்து அடிப்பவன், கண்ணில் உப்பை வீசுபவன். இரண்டாம் உலகப் போர் முடிந்து இருபது ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை. டிக்கெட் வாங்கியவர்கள் ஏசுவதற்கே வந்தார்கள். படையெடுத்துப் போன தளபதிக்கு இந்த வேடம் பொருந்துமா?

நிஜமான படையெடுப்பு என்று சொல்லத்தக்கது ஒன்று உண்டு. 1976 டிசம்பரில் ரிக்கிதோசானின் இன்னொரு சீடர் அந்தோனியோ இனோக்கி கராச்சிக்குப் போய் அக்ரம் பயில்வானை எதிர்கொண்டார். பேசிவைத்த முடிவு எதற்கும் கட்டுப்படாமல் அது மெய்யான சண்டையாகிவிட, அக்ரமின் கையைச் செயலிழக்கச் செய்து வென்றார். 1979இல் லாகூரில் அக்குடும்பத்து இளைஞன் ஜாராவோடு மோதி, ஆட்டம் முடிந்ததும் ஜாராவின் கையைத் தாமே உயர்த்திக் காட்டினார். பாகிஸ்தானில் அவர் பெயர் ‘இனோக்கி பயில்வான்’ என்றானது. (பயில்வான் என்பது ‘பயில்’ என்ற நம் வினைச்சொல்லிலிருந்து வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். இல்லை, பாரசீகத்துப் ‘பஹ்லவான்’ தமிழ் நாவில் உருண்டு அப்படி ஆனது. காதுக்குப் பொருத்தமாக அமைந்துவிட்ட தற்செயல்.)

முத்தோவுக்கு வருகிறேன். 1962இல் யாமனாஷி மாவட்டத்தில், பூஜி மலையடிவாரத்து பூஜியோஷிதாவில் பிறந்தவர். ஜூடோக்காரர். 1984 அக்டோபரில் நியூ ஜப்பான் என்ற மற்போர் நிறுவனத்தில் அவர் முதன்முதலாகக் கோதா ஏறினார். எதிரே நின்றவர் கூடவே பயின்ற மசாஹிரோ சோனோ, அவருக்கும் அன்றுதான் முதல் ஆட்டம். ஓராண்டிலேயே முத்தோவை புளோரிடாவுக்கு அனுப்பினார்கள். அங்கே ‘வெள்ளை நிஞ்ஜா’ ஆக்கப்பட்டார்.

1986இல் நடந்த கைசென் பரிதாபம். ‘விண்வெளித் தனி ஓநாய்’ என்று பெயர் சூட்டி, தலையில் ஹெல்மெட் மாட்டி இறக்கினார்கள். உடையில் 610 என்று எழுதியிருந்தது. ஆறு ‘மு’, பத்து ‘தோ’, சேர்த்தால் முத்தோ. சிலேடை நன்றாகத்தான் இருந்தது, கூட்டம் மசியவில்லை. வெற்றிப் பாட்டோடு மீள்பவரென்று சொல் சொன்னால் போதுமா, பாட்டைக் கூட்டம் பாட வேண்டாமா?

அதனால்தான் 1988இல் அந்த இரண்டாம் பயணம். போர்ட்டோ ரிக்கோ, பிறகு டல்லஸ், அங்கே ‘கறுப்பு நிஞ்ஜா’. 1989இல், தொலைக்காட்சி முதலாளி டெட் டர்னர் வாங்கியிருந்த அட்லாண்டா மற்போர் நிறுவனத்துக்கு கேரி ஹார்ட் என்ற மேலாளர் அவரை அழைத்துப்போனார். டல்லஸில் ‘கிரேட் கபுக்கி’ என்ற முகச்சாயம் பூசிய, வாயிலிருந்து நிறப்புகை உமிழும் பாத்திரத்தை உருவாக்கியதில் பெரும்பங்கு ஹார்ட்டுடையது. முத்தோவைக் கபுக்கியின் மகன் என்று அறிமுகப்படுத்தினார். பெயர் ‘கிரேட் முத்தா’. தமிழ்க் காதுக்கு அப்பெயர் கொஞ்சலாகக் கேட்கும். அவர் வாயிலிருந்து வந்ததோ தொகுகிரி, நச்சுமூடுபனி. எதிராளியின் முகமே பச்சையாகிவிடும்.

வேடம் பழையது; மர்மமான, மோசக்கார ஆசியன். ஆனால் அதற்குள் இருந்தவர் மேல்கயிற்றில் ஏறிப் பின்புறமாகக் கரணமடித்து எதிராளி மேல் விழுந்தார், கைகளைத் தரையில் ஊன்றிச் சுழன்று வந்து முழங்கையால் இடித்தார். அவ்வளவு உயரமானவர் எவரும் அப்படிப் பறந்து அமெரிக்கக் கூட்டம் அதிகம் பார்த்ததில்லை. ஏச வந்தவர்கள் கைதட்டத் தொடங்கினார்கள். முகச்சாயம் பூசிய இன்னோர் இளைஞரான ஸ்டிங்குடன் மோதி அந்நிறுவனத்தின் தொலைக்காட்சிப் பட்டத்தை வென்றார். கணக்கு அப்படியே ஏறிக்கொண்டிருக்கவில்லை: ஆண்டு முடிவில் நால்வர் மோதிய தொடரில் முத்தா மூன்று ஆட்டமும் தோற்று ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. 1990 தொடக்கத்தில் பட்டமும் போனது. அந்த ஆண்டே ஊர் திரும்பினார்.

படையெடுப்பு என்று கணக்கெழுதினால் இது தோல்வி. ஆனால் மூட்டைக்குள் ஒரு முழு ஆள் இருந்தான். ஜப்பானில் முத்தோவாகவே தொடர்ந்தவர், 1990 செப்டம்பரில் முத்தாவையும் இறக்கினார். நெற்றியிலும் கன்னத்திலும் ‘மறைவு’, ‘நெருப்பு’ என்ற எழுத்துகளைத் தீட்டிய, முத்தோ செய்யாத கொடூரங்களைச் செய்கிற முத்தா. செய்தியாளர் சந்திப்பில் தான் முத்தாவின் முகவர் என்று முத்தோ நேராக முகத்தை வைத்துக்கொண்டு சொல்வார். 1992இல் நியூ ஜப்பானின் முதன்மைப் பட்டத்தை வென்றது முத்தா. 1995 மே மாதம் அதே பட்டத்தை வென்றது முத்தோ. அந்த அக்டோபரில் டோக்கியோ டோம் அரங்கில் 67,000 பேர் முன்னிலையில் போட்டி நிறுவனத்தின் தகாதாவை வீழ்த்தியதும் முத்தோதான்.

இப்போது தமிழுக்கு. என்சேவுக்கு என்ன சொல் போடுவது?

‘படையெடுப்பு’ எழுத்துக்கு எழுத்து சரி, பொருளில் தவறு. இனோக்கியின் கராச்சிப் பயணத்துக்கு வேண்டுமானால் ஒட்டும். ‘திக்விஜயம்’ அதற்கும் மேல். போன இடமெல்லாம் வென்றதாகப் பொய் சொல்லும். ‘சுற்றுப்பயணம்’ அமைச்சர்களுக்கும் கிரிக்கெட் அணிகளுக்கும் போய்விட்டது. கற்றல் அதில் இல்லை.

ஜப்பானியரே இந்த இடறலை உணர்ந்தார்கள் போலும். என்சேக்குப் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் அவர்களிடம் புழங்குகிறது: ‘முஷா ஷுகியோ’. முஷா போர்வீரன். ஷுகியோ பௌத்தத் துறவியின் தவப்பயிற்சி. வாள்வீரர்கள் ஊர் ஊராகப் போய், தெரியாத வாள்களோடு மோதித் தம்மைத் தீட்டிக்கொண்ட பழைய வழக்கம் அது. முத்தோ செய்ததற்கு நெருக்கமான சொல் இதுவே.

நம்மிடம் இந்த வேறுபாடு மிகப் பழையது. வீட்டை விட்டுப் பிரிவதற்கான காரணங்களாகத் தொல்காப்பியம் ஓதல், பகை, தூது என்று தனித்தனியே சொல்கிறது. பொருள் தேடப் பிரிவது அதற்கப்புறம் தனியாக வரும். என்சே தன்னைப் பகைவயிற் பிரிவு என்று சொல்லிக்கொள்கிற ஓதற்பிரிவு. கொஞ்சம் பொருள்வயிற் பிரிவும் கலந்தது என்பதை மறைக்க வேண்டாம்.

முதலில் ‘பயில்செலவு’ என்று எழுதிப் பார்த்தேன். சங்கத் தமிழில் செலவு என்றால் பயணம். நண்பரிடம் சொன்னதும் “எவ்வளவு ஆச்சு?” என்றார். விட்டுவிட்டேன்.

நான் கடைசியாக வைத்துக்கொண்டது ‘அக்கரைப் பயிற்சி’. கைகாய் கடலுக்கு அப்பால் என்றால் நமக்கு அது அக்கரை. அக்கரைச் சீமை என்று சொல்லிப் பழகிய சொல்தான். கைசெனுக்கு ‘வாகை மீட்சி’ போதும். சோதிக்க ஒரு வாக்கியம்: “கசுச்சிக்கா ஒகாதா அமெரிக்காவில் அக்கரைப் பயிற்சி முடித்து 2012 ஜனவரியில் திரும்பினார், அடுத்த மாதமே முதன்மைப் பட்டம் வென்றார்.” அமெரிக்காவில் அவரை ஒரு மூத்தவருக்கு எடுபிடி வேடத்தில் வைத்திருந்தார்கள். ‘படையெடுப்பு முடித்து’ என்று அங்கே போட்டுப் பாருங்கள், சிரிப்புதான் வரும்.

பின்புறக் கரணம் முத்தோவின் முழங்கால்களைத் தின்றுவிட்டது. 2018இல் செயற்கை மூட்டுகள் பொருத்தினார்கள். அதற்குப் பிறகும் 2021இல் டோக்கியோவின் புதோகான் அரங்கில் நோவா என்ற மற்போர் நிறுவனத்தின் பட்டத்தை வென்று, 2023இல் ஓய்வுபெற்றார். ஒரே உடலுக்கு இரண்டு விடைபெறல்கள் நடத்த வேண்டியிருந்தது. பிப்ரவரி 21 அன்று டோக்கியோ டோமில் முத்தோவுக்கு. அன்று தம் முதல் ஆட்டத்து எதிராளி சோனோவையே கோதாவுக்குள் அழைத்து இன்னொரு முறை மோதினார். அதற்கு ஒரு மாதம் முன்னதாக, ஜனவரி 22 அன்று யோகொஹாமாவில் முத்தாவுக்கு. அன்று முத்தாவின் அணியில் நின்றவர்களில் ஒருவர், அட்லாண்டாவிலிருந்த காலத்து எதிரி ஸ்டிங்.