பாவமா, சாபமா? கடைசி வரிசையில் என்ன கேட்கிறது

வியாசர்பாடியில் ஒரு சின்ன சபை. மாடியில் ஹால். 40 அடி நீளம், 18 அடி அகலம், மேலே சிமெண்ட் ஷீட், கீழே பளபளவென்று டைல்ஸ். ஞாயிறு ஆராதனைக்கு எழுபது, எண்பது பேர் வருவார்கள். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டது இன்னும் இரண்டு ஸ்பீக்கர் பாக்ஸ் வாங்குவதற்கு விலை கேட்க.

"தம்பி, பின்னாடி உக்காந்திருக்கவங்களுக்கு ஒண்ணும் புரியலையாம். வாட்ஸ் பத்தல போல."

ஹாலின் நாலு மூலையிலும் ஏற்கனவே நாலு பாக்ஸ் இருந்தன, எல்லாமே 15 இன்ச். "ஐயா, ஒரு நிமிஷம் பிரசங்கம் பண்ற மாதிரி பேசுங்க" என்று சொல்லிவிட்டு, செருப்பு விடும் வாசல் பக்கம் கடைசி நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். சத்தம் காதை அடைத்தது. ஆனால் அவர் சொன்னது 'பாவம்' என்றா 'சாபம்' என்றா, எனக்குப் பிடிபடவில்லை.

பின்பக்கத்து இரண்டு பாக்ஸின் வயரையும் பிடுங்கினேன். முன்பக்கத்து இரண்டையும் சுவரோரத்திலிருந்து ஓரடி வெளியே இழுத்து, ஜனங்கள் உட்காரும் பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தேன். எல்லா மைக்கும் வந்து சேருகிற மிக்சரில், அவர் மைக் வரும் சேனலில் அடிச் சத்தத்தை வெட்டும் லோ கட் பட்டனை அமுக்கி, பேஸ் குமிழைக் குறைத்தேன். மேடையில் நின்றவருக்கு முகம் சுருங்கிப்போனது, சத்தம் குறைந்துவிட்டதே என்று. பின்னால் உட்கார்ந்திருந்த அவர் மனைவிதான் சொன்னார்: "இப்பதாங்க நீங்க பேசறது புரியுது." ஒரு ரூபாய் செலவில்லை. எனக்கு ஒரு டீ கிடைத்தது.

மைக்செட் வேலைக்கு வந்து 22 வருஷம் ஆகிறது. தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்பு, எர்ணாவூர் என்று வடசென்னையில் நான் ஏறி இறங்கிய சின்னச் சபைகள் அநேகத்தில் இதே கதைதான். கஷ்டப்பட்டுச் சேர்த்த காணிக்கைப் பணத்தில் சத்தத்தை வாங்கி வைத்திருப்பார்கள். தெளிவு இருக்காது. தையல் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகிற சகோதரிகள் கொடுத்த நூறும் இருநூறும் அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாலு மூலையிலும் பாக்ஸ் வைத்தால் என்ன ஆகும்? சத்தம் 40 அடி கடக்க சுமார் 35 மில்லி செகண்ட் ஆகும். கடைசி வரிசைக்காரருக்கு முதலில் தலைக்குப் பின்னால் இருக்கும் பாக்ஸ் கேட்கும், அதன் மேலேயே முன்பக்கத்துச் சத்தம் தாமதமாக வந்து விழும். தனி எதிரொலியாகத் தெரியாது. ஆனால் எழுத்தின் ஓரம் மழுங்கிவிடும். ப, ச, த, க எல்லாம் ஒன்று போலக் கேட்கும். பேச்சைப் புரிய வைக்கும் அந்த ஓரங்கள் பெரும்பாலும் 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கின்றன. 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருக்கிற 'தும் தும்' பிரசங்கத்துக்கு எதுவும் செய்யாது. ஷீட்டைத்தான் அதிர வைக்கும்.

வாட்ஸ் விஷயத்துக்கு வருவோம். 100 வாட்ஸ் பாக்ஸுக்குப் பதில் 200 வாட்ஸ் போட்டால் சத்தம் இரண்டு மடங்கு ஆகும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறோம். சத்தத்தை அளக்கும் டெசிபெல் கணக்கில் கூடுவது 3 டெசிபெல்தான். உன்னிப்பாகக் கேட்டால் லேசாகத் தெரியும். காதுக்கு இரண்டு மடங்கு என்று தோன்ற 10 டெசிபெல் கூட வேண்டும், அதாவது பத்து மடங்கு வாட்ஸ். பெட்டி மேல் பெரிய எழுத்தில் பி.எம்.பி.ஓ. 5000 என்று போட்டிருந்தால் அதைப் பார்க்கவே வேண்டாம், அது கண நேர உச்சத்தைக் காட்டும் விளம்பரக் கணக்கு. ஆர்.எம்.எஸ்., அதாவது தொடர்ந்து தாங்குகிற வாட்ஸ், எவ்வளவு என்று கேளுங்கள். அதைவிட முக்கியம் சென்சிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டரில் எத்தனை டெசிபெல் என்ற கணக்கு. 90 இருக்கும் பாக்ஸுக்கு 200 வாட்ஸ் கொடுத்து எடுக்கிற சத்தத்தை, 96 இருக்கும் பாக்ஸ் 50 வாட்ஸிலேயே கொடுத்துவிடும். கடைக்காரர் இந்த எண்ணைத் தானாகச் சொல்ல மாட்டார். கேட்டால் ஸ்பெக் ஷீட்டைத் தேடுவார். தேடட்டும்.

வாங்கப் போவதற்கு முன் ஹாலைப் பாருங்கள். காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஓங்கி ஒரு கை தட்டுங்கள். 'டிர்ர்ர்' என்று வால் நீண்டால், எந்த பாக்ஸ் வாங்கினாலும் அந்த வால் கூடவே வரும். பின்சுவரில், மடிப்பு மடிப்பாக விழுகிற மாதிரி, சுவரின் அகலத்தைப் போல ஒன்றரை இரண்டு மடங்கு துணியில் தடித்த திரை போடுங்கள். வண்ணாரப்பேட்டையில் துணிக்கா பஞ்சம்? முட்டை அட்டை ஒட்டலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறார். வேண்டாம். பேச்சின் எதிரொலியை அது பெரிதாகக் குறைக்காது, வெளியே போகும் சத்தத்தையும் தடுக்காது. தீப்பிடித்தால் மட்டும் நன்றாக எரியும்.

சரி, பணம். எண்பது பேர் சபைக்கு 80,000 ரூபாய் கையில் இருக்கிறது என்றால் நான் பிரிக்கிற விதம் இது. பாதியை விடக் கொஞ்சம் கூட, இரண்டு 12 இன்ச் பாக்ஸுக்கு. ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) உள்ளேயே இருக்கிற பவர்டு மாடலாக இருந்தால் வயரும் வேலையும் மிச்சம். எட்டு அல்லது பத்து சேனல் மிக்சருக்கு 15,000 பக்கம். மீதியில் மைக், ஸ்டாண்ட், வயர். வயரில் கை வைத்து மிச்சம் பிடிக்கிறவர்கள்தான் ஆராதனை நடுவில் 'கர்புர்' என்றதும் எனக்குப் போன் போடுகிறார்கள். இவ்வளவு பணம் இல்லையா? மிக்சரும் ஆம்ப்பும் ஒன்றாக இருக்கும் அஹுஜா கம்பெனி மாதிரி ஒரு செட்டும், சின்ன ஸ்பீக்கர்களை மேலும் கீழுமாக அடுக்கிய நெட்டைப் பெட்டியான காலம் (column) ஸ்பீக்கர் இரண்டும் போதும். பேச்சுக்குக் காலம் ஸ்பீக்கர் பொல்லாதது அல்ல; சத்தத்தை மேலே ஷீட்டுக்கு அனுப்பாமல் முன்னால் உட்கார்ந்திருக்கிற ஜனங்கள் பக்கம் தள்ளும். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் அந்த மாதிரி செட்டுக்கு ஸ்பேர் கிடைக்கும், ரிப்பேர் செய்ய ஆள் கிடைக்கும். பெயர் தெரியாத புது மாடல் ஒன்று ஆறு மாதத்தில் படுத்துவிட்டால் பார்க்க ஆள் இருக்காது.

சப் ஊஃபர் முதல் வருஷம் வேண்டாம். வாலிபர்கள் கோபித்துக்கொள்வார்கள், தெரியும். எலக்ட்ரானிக் டிரம்ஸ் பேட் வாசிக்கிற தம்பிக்கு அது இல்லாமல் மனசு நிறையாது. ஆனால் சுவர் தாண்டிப் பக்கத்து வீட்டுக்குப் போவதில் முதல் ஆள் அந்த பேஸ்தான்.

பக்கத்து வீடு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு கொடுத்தது. அந்த வழக்கு எங்கேயோ வடநாட்டில் நடந்ததில்லை. மாதவரம் நெடுஞ்சாலையில் கே.கே.ஆர். நகரில் இருந்த ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்தது. டிரம்ஸ், கிட்டார், ஒலிபெருக்கி பற்றிய புகார். அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று சொல்லி, சபையின் மேல்முறையீட்டை நீதிமன்றம் தள்ளிவிட்டது. அதே வருஷம் வந்த ஒலி மாசு விதிகளில் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 என்று அளவு இருக்கிறது. இரவு என்றால் 10 மணி முதல் காலை 6 வரை. ஜன்னலுக்கு முகம் காட்டி வைத்த பாக்ஸை உள்பக்கம் திருப்புங்கள். வெளியே குழாய் ஸ்பீக்கர் கட்டாதீர்கள். தெரு முழுக்கக் கேட்பதற்காகச் செலவழிக்கிற பணம், உள்ளே வந்து உட்கார்ந்தவருக்குச் சேர வேண்டிய பணம்.

மைக் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். முதலில் பிடிக்கிற விதம். வாய்க்கும் மைக்குக்கும் இருக்கிற தூரத்தைப் பாதியாக்கினால் 6 டெசிபெல் கூடும். அதையே ஆம்ப்பில் வாங்க நாலு மடங்கு வாட்ஸ் வேண்டும். அதாவது ஒரு சாண் தள்ளிப் பிடிக்கிறவரை அரைச் சாணுக்கு வரச் சொல்வது, பல ஆயிரம் ரூபாய் ஆம்ப் வாங்குவதற்குச் சமம். மைக்கின் வலைத் தலையை உள்ளங்கையால் பொத்திப் பிடிப்பது இப்போது ஸ்டைல். அப்படிப் பிடித்தால் பக்கவாட்டுச் சத்தத்தைத் தள்ளிவிடும் அதன் குணமே போய், 'கூஊஊ' என்று கத்தும். இன்னொன்று: பாடகர் குழுவில் நாலு பேருக்கு நாலு மைக் திறந்து வைத்துவிட்டுப் பிரசங்கத்தின்போது மூட மறந்துவிடுவார்கள். திறந்திருக்கிற மைக் எண்ணிக்கை இரண்டு மடங்கு ஆகும்போதெல்லாம், கத்தாமல் ஏற்றக்கூடிய அளவு 3 டெசிபெல் குறையும். பேசாத மைக்கை மூடுங்கள். பாக்ஸ் எப்போதும் மைக்கைவிட ஜனங்கள் பக்கம் முன்னால் தள்ளி இருக்க வேண்டும், மைக் பிடிப்பவருக்குப் பின்னால் அல்ல.

கார்ட்லெஸ் மைக் ஆசை எல்லாருக்கும் உண்டு. ஒரே தெருவில் மூன்று சபை இருக்கிற இடங்கள் இங்கே நிறைய. தண்டையார்பேட்டையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் பாஸ்டர் கண்ணை மூடி அமைதியாக ஜெபம் பண்ணிக்கொண்டிருக்கும்போது எங்கள் பாக்ஸிலிருந்து இன்னொரு குரல், "பைக்கை யாருப்பா வாசல்ல நிறுத்தினது?" என்றது. இரண்டு வீடு தள்ளியிருந்த சபையில் அதே மாடல், அதே ஃப்ரீக்வன்சி. சேனல் மாற்ற வசதியில்லாத மலிவு மைக் வாங்காதீர்கள். அந்தப் பணத்தில் வயர் மைக் நல்லதாக இரண்டு வரும்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் விளையாடவே கூடாது. கீபோர்டு சொருகினால் 'ங்ங்ங்' என்று இரைச்சல் வருகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்ட சபைகளைப் பார்த்திருக்கிறேன். உடைத்தவர் பெருமையாகக் காட்டவும் செய்தார். இரைச்சல் போகும், அதோடு உயிருக்கு இருந்த காவலும் போகும். மிக்சர், கீபோர்டு, பாக்ஸ் எல்லாவற்றையும் ஒரே லைனிலிருந்து எடுங்கள், கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் இரைச்சலைத் தடுக்கும் டி.ஐ. பாக்ஸ் என்ற சின்னப் பெட்டி ஒன்று வையுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று போர்டில் இருக்கட்டும். ஞானஸ்நானத் தொட்டிக்குள் வயர் மைக் போகவே கூடாது. 2005 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வேக்கோ நகரில், தொட்டித் தண்ணீரில் நின்றபடி மைக்கைத் தொட்ட போதகர் மின்சாரம் தாக்கி இறந்தார். வெளியே காய்ந்த தரையில் நிற்கும் ஒருவர் பேட்டரி மைக்கை நீட்டிப் பிடித்தால் போதும்.

காசிமேடு, எண்ணூர்க் கரையோரத்தில் இருப்பவர்களுக்கு: உப்புக் காற்றில் ஜாக்கெல்லாம் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றித் துடையுங்கள். ஆம்ப்பைத் தரையில் வைக்காதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர்ப் பக்கம் தண்ணீரோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்தது. ஒரு சபையில் நான் தூக்கிப் பார்த்த மிக்சரிலிருந்து கறுப்பாக ஒழுகியது. இடுப்பு உயரத்தில் ஒரு இரும்பு ஷெல்ஃப் அடித்தால் என்ன ஆகிவிடப் போகிறது.

செட் போட்டு முடித்ததும் 'செக், செக், ஹலோ' சொல்லிக் காசு கொடுத்துவிடாதீர்கள். எல்லாருக்கும் மனப்பாடமான சங்கீதத்தை வாசித்தும் பார்க்காதீர்கள். பாதி கேட்டாலே மீதியை மனசு நிரப்பிக்கொள்ளும். நான் வாசிக்கச் சொல்வது வேதத்தில் வெறும் பெயர்களாக வரும் வம்ச வரலாறு. வியாசர்பாடிச் சபையில் திரையெல்லாம் போட்ட பிறகு அதைத்தான் செய்தோம். பாஸ்டரின் மகள் மேடையில் வாசித்தாள். கடைசி வரிசையில் எப்போதும் உட்காரும் ஒரு ஆயாவை அதே நாற்காலியில் உட்கார வைத்து, கேட்பதைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"ஏனோஸ்" என்றார். "கேனான்" என்றார். மகலாலெயேலில் கொஞ்சம் திணறினாலும் சரியாகவே சொன்னார். அடுத்த பெயருக்குக் காதில் கை வைத்து, தலையை நிமிர்த்தி மேலே பார்த்தார்.

"பேரெல்லாம் கேக்குதுப்பா. இந்த ஃபேனுதான் லொட லொடன்னு அடிக்குது, மொதல்ல அதை நிறுத்து."