ஹேக்டிவிஸ்ட்: தீவிரவாதியும் அல்ல, போராளியும் அல்ல

ஒரு கொள்கைக்காகத் தன் கணினித் திறமையோடு இணையத்தில் களம் இறங்குபவர் ‘ஹேக்டிவிஸ்ட்’. அவரை ‘இணையத் தீவிரவாதி’ என்று எழுதும் வழக்கத்தை நம் மொழிபெயர்ப்பாளர்கள் கைவிட வேண்டும். புதுச்சேரியில் கல்லூரிகளுக்கும் பதிப்பகங்களுக்கும் மெய்ப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். இந்தத் தொடரை அடித்து அடித்துக் கை ஓய்ந்துவிட்டது. கடைசியாக வந்த கட்டுரைப் போட்டித் தலைப்பு இது: ‘இணையத் தணிக்கையை எதிர்ப்பதில் இணையத் தீவிரவாதிகளால் நன்மையா, தீமையா?’ தீவிரவாதி என்று பெயர் சூட்டிய பிறகு எந்த மாணவர் நன்மை என்று எழுதுவார்? தீர்ப்பைத் தலைப்பிலேயே சொல்லியாகிவிட்டதே.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஹேக்’ என்றால் ஆங்கிலத்தில் வெட்டுவது, கொத்துவது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மாதிரி ரயில் ஓட்டும் மாணவர் சங்கத்தினர் 1950களின் இறுதியில் அதை ‘சாமர்த்தியமான கைவேலை’ என்ற பொருளில் புழங்கினார்கள். அடுத்தவர் கணினிக்குள் நுழைவது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. ‘ஆக்டிவிஸ்ட்’ என்பது ஒரு கொள்கைக்காகக் களத்தில் இறங்கி வேலை செய்பவர். இரண்டையும் ஒட்டி ‘ஹேக்டிவிசம்’ என்ற சொல்லை 1996இல் உருவாக்கியது ‘கல்ட் ஆஃப் த டெட் கவ்’ என்ற டெக்சாஸ் ஹேக்கர் குழு. சரி, இதில் தீவிரவாதம் எங்கே இருக்கிறது?

‘அப்படியானால் இணையப் போராளி என்று போடுங்கள்’ என்பார்கள். எனக்கு இதுவும் ஒப்பவில்லை. ‘போராளி’க்குத் தமிழில் ஒரு தனி எடை உண்டு. ஈழப் போருக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆயுதமும் தியாகமும் சேர்ந்து நினைவுக்கு வரும். தீவிரவாதி என்பது முன்கூட்டியே தண்டனை என்றால் இது முன்கூட்டியே விருது. அதோடு, இன்றைய பேச்சில் ‘இணையப் போராளி’ என்றால் முகநூலில் ஓயாமல் பதிவு போடுகிறவர் என்று ஆகிவிட்டது. ஒரு வரி நிரல்கூட எழுதத் தெரியாதவருக்கும் அந்தப் பெயர் பொருந்தும். ‘நெறிசார் ஊடுருவி’ என்று போடுகிறவர்கள் வேறு ஆளைக் குறிக்கிறார்கள். அவர் நிறுவனத்தின் அனுமதியோடு, கூலி வாங்கிக்கொண்டு அதன் பாதுகாப்பைச் சோதிப்பவர். ஹேக்டிவிஸ்டுக்கு யாரும் அனுமதி கொடுப்பதில்லை.

இவை எல்லாவற்றையும்விடக் கேடு செய்வது ‘முடக்கம்’. நம் செய்திகளைப் பாருங்கள். அரசு ஒரு மாவட்டத்தில் இணையத்தை நிறுத்தினால் ‘இணையச் சேவை முடக்கம்’. நீதிமன்ற ஆணைப்படி ஒரு தளத்தைத் தடுத்தால் ‘இணையதளம் முடக்கம்’. ஹேக்கர்கள் புகுந்து முகப்புப் பக்கத்தை மாற்றினாலும் ‘இணையதளம் முடக்கம்’. நிறுவனமே ஒருவரின் கணக்கை நீக்கினால் ‘கணக்கு முடக்கம்’, அதையே யாராவது திருடினாலும் ‘கணக்கு முடக்கம்’. தணிக்கை செய்பவருக்கும் தணிக்கையை எதிர்ப்பவருக்கும் ஒரே வினை! யார், யாரை, எப்படி என்ற மூன்று கேள்விகளையும் இந்த ஒரு சொல் விழுங்கிவிடுகிறது. தலைப்பில் இடம் இல்லை என்று சாக்குச் சொல்வார்கள். ‘தடுப்பு’, ‘நிறுத்தம்’, ‘திருட்டு’ ஆகியவை ஒன்றும் நீளமான சொற்கள் அல்லவே.

2012இல் நம் பக்கத்திலேயே நடந்ததைச் சொன்னால் விளங்கும். ஒரு தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்ற ஆணையைக் காட்டி, இணையச் சேவை வழங்கும் நிறுவனங்கள், விமியோ என்ற காணொளித் தளம் உள்ளிட்ட பல தளங்களை முழுதாகத் தடுத்தன. குறும்படம் எடுத்து விமியோவில் ஏற்றி வைத்த மாணவருக்கும் அந்தத் திரைப்படத்துக்கும் என்ன தொடர்பு? ஆனாலும் நீதிமன்ற ஆணைப்படி தடுக்கப்பட்டது என்ற அறிவிப்புத்தான் அவருக்கும் கிடைத்தது. அனானிமஸ் என்ற பெயரில் இயங்கும் ஹேக்டிவிஸ்ட் குழுவினர் கோபப்பட்டார்கள், நியாயமான கோபம்தான். ஆனால் அவர்கள் செய்தது என்ன? உச்ச நீதிமன்றத்தின் தளத்தையும் காங்கிரஸ் கட்சியின் தளத்தையும் திணறடித்தார்கள். பல கணினிகளிலிருந்து ஒரே நேரத்தில் கோரிக்கைகளைக் கொட்டி, உண்மையாகவே வருபவருக்குப் பதில் கிடைக்காமல் செய்யும் வேலை அது. அன்றைக்கு வழக்குப் பட்டியல் பார்க்க வந்தவருக்கு அதுவும் ஒரு தடைதான். அந்த ஆண்டு ஜூனில் அதே உயர் நீதிமன்றம், தடை குறிப்பிட்ட முகவரிகளுக்கு மட்டுமே, முழுத் தளத்துக்கும் அல்ல என்று தெளிவுபடுத்தியது. அதற்கு வழி செய்தது இணைய நிறுவனங்கள் தரப்பில் போட்ட மனு.

இதே புதுச்சேரியில் 2012 அக்டோபர் கடைசியில், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காக ஒரு சிறு தொழிலதிபரைக் கைது செய்தார்கள். இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு அதற்குக் கைகொடுத்தது. அந்தப் பிரிவை 2015 மார்ச் 24 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. அதுவும் வழக்காடிக் கிடைத்ததுதான்.

அதற்காக ஹேக்டிவிஸ்டுகளால் பயனே இல்லை என்று சொன்னால் அது பெரிய அநியாயம். 2011 ஜனவரி 28 அன்று எகிப்து அரசு நாட்டின் இணையத்தையே அறுத்தபோது டெலிகாமிக்ஸ் என்ற குழு எந்தத் தளத்தையும் தாக்கவில்லை. தொலைபேசிக் கம்பி வழியே இணையத்தில் இணைக்கும் பழைய டயல்அப் மோடம்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். பிரான்சில் எஃப்.டி.என். என்ற சிறு இணைய அமைப்பு ஒரு தொலைபேசி எண்ணை இலவசமாகத் திறந்துவிட்டது. பயனர்பெயர் ‘டோட்டோ’, கடவுச்சொல்லும் ‘டோட்டோ’. தரைவழித் தொலைபேசியிலிருந்து பிரான்சுக்கு அழைத்து இணைந்துகொள்ள வேண்டும். எப்படி என்ற குறிப்பை எகிப்துக்குத் தொலைநகலில் அனுப்பினார்கள். பிப்ரவரி 2 அன்று இணையம் திரும்பும்வரை கொஞ்சம் பேருக்காவது அது வழியாக இருந்தது. அதே ஆண்டு சிரியாவின் தணிக்கைக் கருவிகள் அமெரிக்க நிறுவனமான புளூ கோட்டினுடையவை என்று பதிவேடுகளை வெளியிட்டுக் காட்டியதும் இதே குழுதான்.

திணறடிப்பவரையும் வழி திறப்பவரையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இதை அந்த உலகத்தினரே எப்போதோ சொல்லிவிட்டார்கள். 1998 இறுதியில் ஒரு குழு ஈராக், சீன வலையமைப்புகள்மீது ‘போர்’ அறிவித்தபோது, சொல்லை உருவாக்கிய கல்ட் ஆஃப் த டெட் கவ் உட்படப் பல குழுக்கள் கூட்டறிக்கை விட்டு அதைக் கண்டித்தன. காரணம் எவ்வளவு நல்லதானாலும் ஒரு நாட்டின் வலையமைப்பைச் சிதைக்கக் கூடாது என்றன. 2015 மார்ச்சில் சீனா என்ன செய்தது என்று பாருங்கள். பைடு என்ற சீனத் தேடுபொறி நிறுவனத்தின் சேவைகளின் நிரல் வழியே அறியாத மக்களின் உலாவிகளையே கருவியாக்கி, தணிக்கையைத் தாண்ட உதவும் பக்கங்கள் இருந்த கிட்ஹப் என்ற நிரல் சேமிப்புத் தளத்தைத் திணறடித்தார்கள். திணறடிப்பது தணிக்கையாளரின் ஆயுதமாகவும் ஆகிவிட்டது. வசதியும் இணையக் கொள்ளளவும் யாரிடம் அதிகமோ அவர்தான் இந்த விளையாட்டில் வெல்வார். அது எந்தக் காலத்திலும் தனிமனிதராக இருக்காது.

புதுச்சேரிக்காரருக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. 1908இல் பாரதி இங்கே வந்து ‘இந்தியா’ இதழை அச்சிட்டார். பிரிட்டிஷ் எல்லைக்குள் அதைத் தடை செய்தார்கள், 1910இல் இதழ் நின்றது. 1918இல் எல்லை தாண்டியபோது பிடித்துக் கடலூர்ச் சிறையில் வைத்தார்கள். அவர் செய்தது, தடை எட்டாத இடத்திலிருந்து சொல்லை அனுப்பியது.

ஆகவே என் பரிந்துரை இதுதான். ஹேக்கருக்கு இணையத்தில் சிலர் எழுதும் ‘கொந்தர்’ நல்ல சொல். கொந்துதல் என்றால் கொத்துதல், குத்துதல். ‘ஹேக்’கின் வேர்ப்பொருளே அதுதான். ‘ஊடுருவி’ போல நுழைபவரை மட்டும் குறிக்காது. ஹேக்டிவிசத்துக்குக் ‘கொந்துச் செயற்பாடு’, செய்பவருக்குக் ‘கொந்துச் செயற்பாட்டாளர்’. இதில் பழியும் இல்லை, பட்டமும் இல்லை. நாளிதழில் புரியாது என்றால் ‘ஹேக்டிவிஸ்ட்’ என்று தமிழ் எழுத்திலேயே போடுங்கள். எனக்குத் தனித்தமிழில் பற்று உண்டு. ஆனால் பொய் சொல்லும் தமிழ்ச் சொல்லைவிட உண்மை சொல்லும் கடன்சொல் மேல். ஒன்றை மட்டும் விடாதீர்கள்: ஆளுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் செய்த வேலைக்குச் சரியான வினையைப் போடுங்கள். தடுத்தார், திணறடித்தார், கசியவிட்டார், சுற்றுவழி திறந்தார். 2012 செய்தியை இப்படி எழுதலாம்: ‘நீதிமன்ற ஆணையைக் காட்டி விமியோவை இணைய நிறுவனங்கள் தடுத்தன, அதைக் கண்டித்து அனானிமஸ் குழு உச்ச நீதிமன்றத் தளத்தைத் திணறடித்தது.’