மெதுவாக ஓட்டினாலும் இன்ஜின் சீஸ் ஆகும்: டூ-ஸ்ட்ரோக் குவாட் வைத்திருப்பவர்களுக்கு

போன சீசனில் ஒரு பிஸ்டனைக் கழற்றி மேசைமேல் வைத்தேன். எக்ஸாஸ்ட் பக்கம் அலுமினியம் இழுபட்டு மேலிருந்து கீழாகக் கோடு கோடாக இருந்தது. ரிங் பள்ளத்துக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு, ஸ்க்ரூடிரைவர் நுனியால் நெம்பியும் வரவில்லை. இன்ஜின் சீஸ், அதாவது பிஸ்டன் சிலிண்டரில் இறுகிப் பிடித்துவிட்டது. வண்டி யமஹா பான்ஷீ, மணலில் ஓட்டும் நாலு சக்கர குவாட். ஓட்டியவர் துபாயில் வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பி. "அண்ணே, இருபது கிலோமீட்டர் ஸ்பீடுக்கு மேல நான் போகவே இல்லண்ணே, எப்படிண்ணே சீஸ் ஆகும்?" இதையே திரும்பத் திரும்பக் கேட்டார்.

மெதுவாகப் போனது தப்பில்லை. மெதுவாகப் போவதற்காக அவர் செய்துகொண்ட ஏற்பாடுதான் தப்பு.

ஊரில் ஆர்எக்ஸ்100 பிரித்துக் கை பழகியவன் நான். இப்போது ஷார்ஜாவில் குவாட் வேலை. பான்ஷீயைப் பிரிக்கும்போதெல்லாம் ராஜ்தூத் 350 ஞாபகம் வரும். அதே 64 மில்லிமீட்டர் போர் (சிலிண்டர் விட்டம்), அதே 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), அதே இரட்டை சிலிண்டர் 347 சிசி. அது காற்றில் ஆறும், இது தண்ணீரில். பான்ஷீ அமெரிக்காவில் 1987 முதல் 2006 வரை விற்ற வண்டி. இங்கே அல் பதாயர் மணல்மேட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய் நின்றால் இன்னும் அதன் சத்தம் கேட்கும்.

சிக்கல் என்னவென்றால், இந்தப் பக்கம் செகண்ட் ஹேண்டில் வரும் வண்டி பெரும்பாலும் மணலுக்கென்றே மாற்றப்பட்டிருக்கும். மேல் ஆர்பிஎம்மில் மட்டும் வேலை செய்யும் ரேஸ் பைப் (சைலன்சர்), கார்ப்ரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் ஜெட் பெரிசாக, பின்னால் துடுப்பு மாதிரிப் பட்டை வைத்த பேடில் டயர். அதை அப்படியே ஹத்தா மலைப் பக்கம் வாதிக்குக் கொண்டுபோகிறார்கள். வாதி என்றால் வறண்ட காட்டாற்றுப் படுகை, முழுக்க உருண்டைக் கல். அங்கே முதல் கியரிலும் இரண்டாவது கியரிலும் ஊர்ந்துதான் போகமுடியும். பத்தே நிமிடத்தில் ஸ்பார்க் பிளக் நனைந்து கருத்து, ஒரு சிலிண்டர் நின்றுவிடும்.

தம்பிக்கும் அதுதான் ஆனது. யாரோ சொல்லியிருக்கிறார்கள், "ஆயில் ஜாஸ்தி, குறை" என்று. பான்ஷீயில் ஆயில் பம்ப் கிடையாது, பெட்ரோலில் கலந்துதான் ஊற்றவேண்டும். நான் கலப்பது 32-க்கு 1, அதாவது 5 லிட்டர் பெட்ரோலுக்கு 156 மில்லிலிட்டர் 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். அவர் அளவுக் குவளையையே தூரப் போட்டுவிட்டுக் கண்ணளவில் ஊற்ற ஆரம்பித்திருக்கிறார்.

பிளக் நனைவது பெரும்பாலும் ஆயிலால் இல்லை, பெட்ரோலால். ஆயிலைக் குறைத்தால் அந்த இடத்திலும் பெட்ரோல்தான் வரும். கலவை இம்மியளவு ரிச் (பெட்ரோல் ஜாஸ்தி) ஆகுமே தவிர லீன் (பெட்ரோல் கம்மி) ஆகாது. அதாவது நோயும் போகவில்லை, பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் இருந்த ஒரே பாதுகாப்பும் போனது.

ஊர்ந்து போகும்போது மெயின் ஜெட்டுக்கு வேலையே இல்லை. கால் பங்கு திராட்டில் (ஆக்ஸிலரேட்டர்) வரை பைலட் ஜெட் என்ற சின்ன ஜெட், அதன் காற்றை அளக்கும் ஏர் ஸ்க்ரூ, திராட்டிலோடு எழும்பும் ஸ்லைடின் வெட்டு, அதில் தொங்கும் நீடில் கொஞ்சம், இவ்வளவுதான். குளிர்கால ராத்திரியில் மணலில் செட் பண்ணிய கார்ப்ரேட்டர், வெயில் மதியத்தில் மலைமேல் ரிச்சாகத்தான் இருக்கும். சூட்டிலும் உயரத்திலும் காற்று மெலிசு. ஆகவே முதலில் இன்ஜினை நன்றாகச் சூடாக்குங்கள். ஏர் ஸ்க்ரூவை மெதுவாக உட்காரும் வரை மூடி, ஒன்றரைச் சுற்று திறந்து, ஐட்லிங் எங்கே அதிகமாக ஏறுகிறதோ அங்கே நிறுத்துங்கள். இரண்டரைச் சுற்றுக்கு மேல் போனால்தான் ஏறுகிறது என்றால் பைலட் ஜெட் பெரிசு, ஒரு சைஸ் இறக்குங்கள். ஒரு சுற்றுக்குள்ளேயே முடிந்துவிட்டால் ஜெட் சிறிசு. இரண்டு கார்ப்ரேட்டர் ஸ்லைடும் ஒரே நேரத்தில் எழும்புகிறதா என்று விரலை வைத்துப் பாருங்கள். வேகத்தில் தெரியாத வித்தியாசம் ஊர்தலில் அப்பட்டமாகத் தெரியும்.

ரேஸ் கொடுத்துத் திராட்டிலை விட்டபிறகு சத்தம் இறங்காமல் மேலேயே தொங்கினால் டியூனிங்கை அங்கேயே நிறுத்துங்கள். எங்கோ காற்று உள்ளே போகிறது. கிராங்க் சீலோ, கார்ப்ரேட்டர் ரப்பரோ. அதைக் கண்டுபிடிக்காமல் ஜெட் மாற்றுவது வீண் வேலை.

இதெல்லாம் சரியான பிறகுதான் பிளக். பான்ஷீக்கு என்ஜிகே பிஆர்8இஎஸ். வாதிக்கு 7 நம்பர் போடலாம், ஒரு படி சூடான பிளக், அழுக்கைத் தானே எரித்துக்கொள்ளும். ஆனால் அதே பிளக்கோடு மணலில் ஃபுல் திராட்டில் பிடித்தால் பிஸ்டன் தலையே ஓட்டையாகலாம்.

கியரிங் மலிவான வேலை, ஏனோ யாரும் செய்வதில்லை. கம்பெனி ஸ்ப்ராக்கெட் முன்னால் 14 பல், பின்னால் 41. முன்னால் 13 போட்டால் அதே ஆர்பிஎம்மில் வேகம் நூற்றுக்கு 7 குறையும். ஹாஃப் கிளட்சிலேயே தொங்கிக்கொண்டு போகிற வேலையும் குறையும். பைப்பையும் பழைய கம்பெனி பைப்புக்கு மாற்றினால் அடி பிக்கப் திரும்ப வரும், ரேஸ் பைப்பை வைத்துக்கொண்டு என்ன டியூன் பண்ணினாலும் பாதிதான். பேடில் டயரைப் பற்றி எழுதவே வேண்டாம், கல்லில் அது டயரே இல்லை.

சூடு தனி விஷயம். இந்த ரேடியேட்டருக்கு ஃபேன் கிடையாது, வண்டி ஓடினால்தான் காற்று. பின்காற்றில் ஊர்ந்துகொண்டிருந்தால் தண்ணீர் கொதித்துவிடும். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்க்காற்றைப் பார்த்து நிறுத்துங்கள். ரேடியேட்டர் இடுக்கில் காய்ந்த சேறு இருந்தால் ஊதி எடுங்கள், கம்பியால் குத்தாதீர்கள்.

இறக்கம்தான் தம்பியின் பிஸ்டனைத் தின்றது. திராட்டிலை முழுக்க மூடி, கியரில் இழுத்துப் பிடித்தபடியே நெடுந்தூரம் இறங்கியிருக்கிறார். காரில் பழகிய பழக்கம். டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் வந்தால்தான் ஆயில் வரும். திராட்டில் மூடியிருக்க, சக்கரம் இன்ஜினைச் சுற்றவைத்தால், ஏறக்குறைய வறண்ட சிலிண்டரில் பிஸ்டன் ஓடுகிறது. ஏற்கெனவே குறைந்த ஆயில் வேறு. இறக்கத்தில் பிரேக்கை நம்புங்கள், அடிக்கடி கிளட்ச் பிடித்து ஒரு சின்ன ரேஸ் கொடுங்கள்.

இன்னொன்று, திராட்டில் மாட்டிக்கொண்டால் இன்ஜினைக் கட் பண்ண கம்பெனி வைத்த டார்ஸ் என்ற அமைப்பு இங்கே பாதி வண்டியில் இருக்காது, தொல்லை என்று கழற்றியிருப்பார்கள். கழற்றுவதானால் மணிக்கட்டில் கயிறு கட்டும் கில் ஸ்விட்ச் மாட்டிவிட்டுக் கழற்றுங்கள். என் கடையில் அது இல்லாமல் கழற்றித் தருவதில்லை. வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டு போனதும் உண்டு.

தம்பிக்கு சிலிண்டரைப் போர் பண்ணி புது பிஸ்டன் போட்டாயிற்று. 13 பல், 7 நம்பர் பிளக், இறக்கிய பைலட் ஜெட். கழற்றிய 8 நம்பர் ஜோடியையும் 14 பல்லையும் ஒரு பையில் போட்டு, "மணல்" என்று மார்க்கரில் எழுதி டேப் ஒட்டிக் கொடுத்தேன். போன வாரம் போன்: "அண்ணே, அல் பதாயர் போறோம். அந்தப் பை வீட்டுலயே இருக்கு. பரவால்லையா?"

"பரவாயில்ல தம்பி," என்றேன். "வண்டியும் வீட்டுலயே இருக்கட்டும்."