கறுத்த வெள்ளியை அலுமினியம் மீட்கும் விதம்

"தம்பி, பெட்டகத்துல இருந்த சந்தனப் பேலா கறுத்துப்போச்சு. வெள்ளி கறுத்தா வீட்டுக்கு ஆகாதும்பாங்களே?" என்று காரைக்குடியில் ஓர் ஆச்சி கேட்டார். அவர் சொன்ன பேலா, சந்தனம் வைக்கும் வெள்ளிக் கிண்ணம். கல்யாணத்துக்குச் சாமான் பரப்ப வேண்டிய நேரம் வேறு.

காற்றில் மிகச் சிறிதளவு இருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு செய்த வேலை அது. அதன் கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் வெள்ளி சல்பைடு, நிறம் கறுப்பு. சகுனம் எதுவும் இல்லை. இதைச் சொல்லிப் பரிகாரத்துக்குப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள். திருநீறு போட்டுத் தேய்த்தால் பளபளக்கும்தான். ஆனால் கறுப்பில் சேர்ந்திருக்கும் வெள்ளியும் துணியோடு போய்விடும்.

போகாமல் மீட்கலாம். பீங்கான் பாத்திரத்தில் அலுமினியத் தாளை விரித்து, அதைத் தொடும்படி பேலாவை வைத்து, ஆப்பசோடாவும் உப்பும் போட்டுக் கொதிநீரை ஊற்றினோம். சில நிமிடங்களில் கறுப்பு கலைந்தது.

மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசலில் போட்ட இரும்பு ஆணிமேல் செம்பு படிவதைப் பள்ளியில் பார்த்திருப்பீர்கள். வினைத்திறன் மிக்க இரும்பு, செம்பை வெளியேற்றுகிறது. அலுமினியத்துக்கும் வெள்ளிக்கும் அதே கணக்குதான். ஆனால் மயில்துத்தம்போல் வெள்ளி சல்பைடு நீரில் கரைந்து அலுமினியத்திடம் வராது. தாளைத் தொடாத விளிம்பும் வெளுத்ததே, எப்படி?

எனக்கு அலுக்காத இடம் இது. சூடான சோடா நீர் அலுமினியத்தின் மேலிருக்கும் ஆக்சைடு படலத்தை அரித்துவிடுகிறது. அப்புறம் ஒவ்வோர் அலுமினிய அணுவும் மூன்று எலக்ட்ரான்களை விடுகிறது. அவை தாள் வழியே, தொடும் புள்ளியைக் கடந்து, பேலாவின் உலோகத்துக்குள்ளேயே கறுப்பு இருக்கும் இடம்வரை போகின்றன. அங்கே வெள்ளி அயனி ஒவ்வொன்றும் ஓர் எலக்ட்ரானைப் பெற்று மறுபடி வெள்ளியாகிறது. ஓர் அலுமினிய அணு போனால் மூன்று வெள்ளி அணுக்கள் திரும்புகின்றன! கந்தகம் நீருக்குள் இறங்குகிறது. லேசான அழுகிய முட்டை வாடை அதனுடையதுதான். உப்புநீர் அயனிகளைக் கடத்தி மின்சுற்றை முடித்துவைக்கிறது. சுருக்கமாக, இது ஒரு பாட்டரி. தாளும் பேலாவும் தொடாவிட்டால் கறுப்பு அப்படியே இருக்கும்.

இப்படி மின்சாரமும் வேதிவினையும் சேரும் மின்வேதியியலுக்காகத்தான் அழகப்ப செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய ஆய்வகம் காரைக்குடியிலேயே இருக்கிறது. இன்றைய செல்வந்தர்களும் கோயில் திருப்பணிக்குத் தருவதில் ஒரு பங்கையாவது ஆய்வுக்குத் தர வேண்டும் என்பது என் ஆசை.

ஆச்சி அடுத்து குத்துவிளக்கை எடுத்து வந்தார். உள்ளே அரக்கு அடைத்ததா என்று முதலில் பார்க்கச் சொன்னேன்; கொதிநீரில் அரக்கு இளகிவிடும்.