கோல் அடிக்கும் இடம் மட்டும் ஏன் நம்மவர்களுக்குக் கிடைப்பதில்லை?

இந்தியாவின் கால்பந்து லீக்கான ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) தொடங்கிய 2014-ல் அதிக கோல் அடித்தவர் சென்னையின் எஃப்சி-யின் எலானோ, பிரேசில்காரர். மறு வருடம் அதே அணியின் மெண்டோசா, கொலம்பியாக்காரர். அங்கிருந்து 2024-25 வரை மொத்தம் 11 சீசன், ஒருமுறைகூட அந்தத் தங்கக் காலணி விருது இந்தியருக்குப் போகவில்லை.

சரி, வெளிநாட்டு வீரர்கள் வந்து நம்மவர்களைக் கெடுத்துவிட்டார்களா? அப்படிச் சொல்ல முடியாது, ஏனென்றால் பயிற்சியில் கிடைப்பது முழுக்க லாபம்தான். மான்செஸ்டர் சிட்டியில் ஆடிவிட்டு வந்த எலானோ போன்ற ஒருவரைத் தினமும் காலையில் மறித்துப் பழகும் தடுப்பாட்டக்காரர், பந்து காலுக்கு வருவதற்கு முன்பே தலையைத் திருப்பி யார் எங்கே நிற்கிறார்கள் என்று பார்க்கக் கற்றுக்கொள்கிறார், கோல்கீப்பருக்கும் அந்த வேகம் பழகிவிடுகிறது. மைதானத்தின் ஓரமாக, விங்கில் ஓடுபவருக்கும் நல்லதுதான், அவர் தூக்கிக் கொடுக்கும் பந்தை கோலாக்க உள்ளே ஆள் இருக்கிறது.

சிக்கல் ஆட்ட நேரத்தில். தோற்றால் வேலை போய்விடும் என்ற நிலையில் இருக்கும் பயிற்சியாளர், வெளிநாட்டவருக்கான இடங்களை முதலில் கோல் அடிக்கவும் நடுக்களத்தை ஆளவும்தான் பயன்படுத்துவார். களத்தில் 6 வெளிநாட்டவர் வரை ஆடலாம் என்றிருந்தது 2017-18-ல் 5 ஆகி, 2021-22-ல் 4 ஆனது. ஆனாலும் பெரும்பாலான அணிகள் ஸ்ட்ரைக்கர் இடத்தை, அதாவது முன்னால் நின்று கோல் அடிப்பவரின் இடத்தை, வெளிநாட்டவருக்கே வைத்துக்கொண்டன. கோலுக்கு முன்னால் உள்ள பெனால்டி பெட்டிக்குள் அரை நொடியில் திரும்பி அடிக்கும் பழக்கம் பெஞ்சில் உட்கார்ந்து வராது, அது ஆடி ஆடித்தான் வரும்.

வெளிநாட்டவரால் நம்மவருக்கு லாபமா நஷ்டமா என்று அளப்பதும் லேசில்லை. பணக்கார அணி நல்ல வெளிநாட்டவரையும் நல்ல இந்தியரையும் சேர்த்தே வாங்கிவிடும், அப்புறம் யாரால் யார் ஜொலித்தார் என்று எப்படிப் பிரிப்பது? வெளிநாட்டவர் காயத்தில் வெளியே இருந்த ஆட்டங்களில் அதே இந்தியர் எப்படி ஆடினார் என்று ஒப்பிட்டால்தான் கொஞ்சம் தெளிவு வரும்.

இந்திய ஸ்ட்ரைக்கர் சுனில் சேத்ரியைப் பாருங்கள். 2017-18-ல் பெங்களூரு அணிக்கு வெனிசுலாவின் மிக்கு முன்னால் நிற்க, சேத்ரி பெரும்பாலும் இடது பக்கம் ஒதுங்கித்தான் ஆடினார், ஆனாலும் 14 கோல் அடித்தார், மிக்கு 15. இருவருமே பலனடைந்த ஜோடி அது. ஆனால் சேத்ரி 2002-லேயே மோகன் பகானில் தொடங்கியவர், ஐஎஸ்எல் வரும்போதே தேர்ந்த ஸ்ட்ரைக்கர். இப்போது வரும் பையனுக்கு அந்த வருடங்கள் எங்கே கிடைக்கும்? வெளிநாட்டவர் எண்ணிக்கையை இன்னும் குறைப்பதைவிட, இளம் ஸ்ட்ரைக்கர்களை முழு சீசனும் ஆட வாய்ப்பு தரும் வேறு அணிகளுக்குக் கடனாக (தற்காலிகமாக) அனுப்புவதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். 2024 ஜூனில் சர்வதேச ஆட்டத்திலிருந்து ஓய்வு பெற்ற சேத்ரியை, 2025 மார்ச்சில், 40 வயதில், இந்திய அணி திரும்பக் கூப்பிட்டது. வந்த முதல் ஆட்டத்திலேயே மாலத்தீவுக்கு எதிராக கோல் அடித்தார்.